ஃபுளோரிடாக் கரையில் ஓய்வுக்காலம்: புழுக்கமான கோடையைக் கடக்கும் முறைகள்

பணி ஓய்வுக்குப் பின் ஃபுளோரிடாவில் குடியேற நினைக்கும் தமிழர்களில் பலர் அந்த மாநிலத்தை முதலில் பார்ப்பது டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான். நியூ ஜெர்சியிலும் மிச்சிகனிலும் வாசலில் பனி குவிந்து கிடக்கும் அந்த மாதங்களில் டாம்பாவிலும் சரசோட்டாவிலும் நேப்பிள்சிலும் இளவெயில் அடிக்கும்; கடற்காற்று இதமாக வீசும். மாநில வருமான வரி இல்லை என்பதும் சேர்ந்துகொள்ள, பார்த்த வேகத்தில் வீட்டை வாங்கிவிடுகிறார்கள். மே மாத நடுவில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை நீளும் கோடையை அவர்கள் சந்திப்பது அதன் பிறகே. அறுபத்தைந்து வயதைக் கடந்த உடம்போடு அந்த ஐந்து மாதங்களை நலமாகக் கழிப்பதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன். அடிப்படையான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கரையில் வெப்பத்தைக் காட்டிலும் ஈரமே பெரிய எதிரி. வீடு, உடை, சமையல், நடைப்பயிற்சி, மருந்து என எதைத் திட்டமிடும்போதும் காற்றின் ஈரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த எண்ணைப் பார்ப்பது

டாம்பாவில் ஜூலை மாதத்துச் சராசரி உச்ச வெப்பம் 33 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். மதுரையின் மே மாதத்தை அறிந்தவர்களுக்கு அந்த எண் அச்சமூட்டாது. அந்த ஊரின் வெப்பமானி 100 பாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸை, பதிவுகளில் முதன்முறையாகத் தொட்டதே 2025 ஜூலை 27 அன்றுதான். அப்படியிருந்தும் அங்கே ஆகஸ்ட் மாதத்தில் அரை மணி நேரம் தோட்டத்தில் நின்றால் சட்டை முழுவதும் நனைந்து, தலை கிறுகிறுக்கிறது. காற்றில் நீராவி ஏற்கெனவே நிறைந்திருப்பதால் தோலின் மேல் ஊறும் வியர்வை உலர்வதில்லை என்பதே காரணம். ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் குளிர்ச்சி கிடைப்பதில்லை. நீரும் உப்பும்தான் வீணாகின்றன.

ஆகவே வானிலைச் செயலியைத் திறந்ததும் வெப்ப அளவை மட்டும் பார்த்து மூடிவிடாமல், பனிநிலை என்ற எண்ணைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். செயலிகளில் இது டியூ பாயின்ட் என்ற பெயரில் வரும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. ஈரப்பத விழுக்காடு நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் நம்மைக் குழப்பும்: விடியற்காலையில் 25 டிகிரி வெப்பத்தில் 94 விழுக்காடு என்று காட்டும் செயலி, பிற்பகலில் 33 டிகிரியில் 60 விழுக்காடு என்று காட்டலாம், காற்றிலுள்ள நீரின் அளவோ இரண்டு நேரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். பனிநிலை இப்படி ஏமாற்றாது. அது 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் உடம்புக்கு இதம். 18க்கு மேல் பிசுபிசுப்பு தொடங்கும். 21ஐத் தாண்டினால் புழுக்கம் அழுத்தும். ஃபுளோரிடாக் கரையில் கோடை முழுவதும் அது 23, 24, 25 என்றே நிற்கும். இரவின் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே இறங்க முடியாது என்பதால், இரவிலும் ஆறுதல் கிடைப்பதில்லை.

அமெரிக்க வானிலைத் துறை வெளியிடும் வெப்பக் குறியீடும் பயனுள்ளது. 32 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்பு உணர்வது 41 டிகிரி என்று அந்த அட்டவணை சொல்கிறது. அந்தக் கணக்கு நிழலுக்கானது. நேர் வெயிலில் நிற்பவருக்கு இன்னும் 8 டிகிரி வரை கூடலாம் என்று அதே துறை எச்சரிப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வெயிலில் வளர்ந்த உடம்பு என்ற நம்பிக்கை

“நாங்கள் திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவர்கள், இது என்ன பெரிய வெயில்” என்ற பேச்சு நம்மவரிடையே அடிக்கடி கேட்பது. அந்த நம்பிக்கையை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடுமாறு வேண்டுகிறேன். வெப்பத்துக்கு உடம்பு பழகுவது உண்மைதான். தொடர்ந்து ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் வெப்பத்தில் சிறிது நேரம் இயங்கினால் வியர்வை சீக்கிரமே ஊறத் தொடங்குகிறது, அதில் உப்பின் அளவு குறைகிறது, இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஆனால் அந்தப் பழக்கம் வெப்பத்தை விட்டு விலகிய சில வாரங்களிலேயே கரைந்துவிடும். முப்பது ஆண்டுகளைக் குளிர் நாட்டில் கழித்தவருக்குப் பிறந்த ஊரின் வெயில் எந்தக் காப்பும் தராது. வயதும் தன் பங்கைச் செய்கிறது: முதுமையில் வியர்வை குறைகிறது, தோலுக்குப் பாயும் இரத்தம் குறைகிறது, தாகம் மங்குகிறது. உடம்பில் நீர் வற்றிய பிறகும் நாக்கு தண்ணீர் கேட்காமல் இருக்கலாம்.

குடிபெயரும் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வந்துவிடுவது நல்லது. மார்ச், ஏப்ரல், மே என வெப்பம் படிப்படியாக ஏறும்போது, தினமும் காலையில் வெளியே நடந்து உடம்பைப் பழக்கிக்கொள்ளலாம். ஜூலையில் வந்து இறங்கி, அதே வாரத்தில் பெட்டிகளைத் தூக்கி அடுக்குவது ஆபத்தான செயல். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: வீடு வாங்குவதற்கு முன்பு, வாங்க நினைக்கும் ஊரிலேயே ஆகஸ்ட் மாதம் முழுவதும் வாடகைக்கு இருந்து பார்ப்பது. கணவனுக்குப் பிடித்தது மனைவிக்குத் தாங்காமல் போகலாம். அது பத்திரம் பதிவதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது

கடலை ஒட்டிய வீட்டுக்கும் பதினைந்து மைல் உள்ளே இருக்கும் வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. கரையில் பகல் வெப்பம் சில டிகிரி குறைவாகவும் இரவு வெப்பம் கூடுதலாகவும் இருக்கும். உள்ளே போகப் போக இது மாறும். கரையில் உப்புக்காற்று ஏசியின் வெளிப்புறப் பெட்டியை விரைவில் அரித்துவிடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் பிற்பகல் நான்கு மணிக்குப் போங்கள். மேற்கே பெரிய கண்ணாடிச் சுவர் இருந்தால் சூரியாஸ்தமனம் அழகாகத் தெரியும். அந்த அறை கோடை முழுவதும் சூளையாகவும் இருக்கும். அகன்ற இறவாணமும், வெளிர்நிறக் கூரையும், மேற்கில் நிழல் தரும் மரமும் உள்ள வீட்டுக்கு முதலிடம் கொடுக்கலாம். ஃபுளோரிடா வீடுகளில் ஏசியின் காற்றுக் குழாய்கள் பெரும்பாலும் கூரைக்கும் உள்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில்தான் செல்கின்றன. கோடைப் பிற்பகலில் அந்த இடம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். குழாயின் இணைப்புகளில் கசிவு இருந்தால், அந்தக் கொதிக்கும் ஈரக்காற்றை ஏசியே உள்ளே இழுத்துக் கொண்டுவரும். வீட்டுச் சோதனைக்கு வருபவரிடம் குழாய்க் கசிவைத் தனியாக அளந்து தருமாறு கேட்டுப் பெறுங்கள்.

அடுக்குமாடியில் உயரமான தளத்தை விரும்புகிறவர்கள், மின்சாரம் போனால் மின்தூக்கியும் நிற்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏசியை ஈரம் அகற்றும் கருவியாகப் பயன்படுத்துதல்

இயந்திரக் குளிர்ச்சியின் வரலாற்றில் ஃபுளோரிடாவுக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. அபலாச்சிகோலா என்ற கரையோர ஊரில் மருத்துவராக இருந்த ஜான் கோரி, காய்ச்சலில் கிடந்த நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கப் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 1851இல் காப்புரிமை பெற்றார். முதியவர்களுக்கு இந்தக் கரையில் ஏசி ஆடம்பரப் பொருளாகாது. அதை மருந்துக்குச் சமமாகவே வைத்து எண்ண வேண்டும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பகலில் அதை நிறுத்திவைக்கும் நம் தலைமுறையின் சிக்கனப் பழக்கம் இங்கே உயிருக்கே உலை வைக்கக்கூடும். வருமானம் குறைந்தவர்களுக்கு மின்கட்டண உதவி தரும் கூட்டாட்சித் திட்டம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் முதியோர் உதவி அலுவலகத்தில் அதைப் பற்றிக் கேட்கலாம்.

ஏசி இரண்டு வேலைகளைச் செய்கிறது. காற்றைக் குளிர்விக்கிறது, குளிர்ந்த சுருளின் மேல் நீராவியைப் படியவைத்து, வடிகுழாய் வழியே வெளியேற்றுகிறது. இரண்டாவது வேலைக்கு நேரம் வேண்டும். ஓடத் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆன பிறகே சுருளில் நீர் திரண்டு வடியும். வீட்டின் தேவைக்கு மேல் பெரிய ஏசியைப் பொருத்தினால், அது ஐந்து நிமிடத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே தங்கிவிடும். சுவர் சில்லென்றும், படுக்கை நசநசவென்றும், அலமாரிக்குள் பூசண நாற்றமும் இருக்கிற வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். எனவே புதிய ஏசி வாங்கும்போது, சதுர அடியை மட்டும் கேட்டு அளவு சொல்லும் விற்பனையாளரை நம்பாமல், சன்னல், திசை, காப்புப் படலம் எல்லாவற்றையும் அளந்து செய்யும் மேனுவல் ஜே என்ற கணக்கீட்டை எழுத்தில் கேளுங்கள். வேகம் மாறும் அமுக்கியை (கம்ப்ரசர்) கொண்ட ஏசி விலை கூடுதலானாலும், குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓடி ஈரத்தை நன்றாக இழுக்கும். இந்த ஊருக்கு அந்தக் கூடுதல் விலை தகும் என்பது என் கணிப்பு.

தெர்மோஸ்டாட்டில் விசிறிக்கு இரண்டு நிலைகள் இருக்கும். அதை எப்போதும் ஆட்டோ என்ற நிலையிலேயே வையுங்கள். ஆன் என்ற நிலையில் வைத்தால் குளிர்விப்பது நின்ற பிறகும் விசிறி மட்டும் சுழன்று, சுருளில் தேங்கிய நீரை மீண்டும் ஆவியாக்கி வீட்டுக்குள்ளேயே ஊதும்.

பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைப் படுக்கையறையிலும் இன்னொன்றைத் துணி அலமாரியிலும் வைப்பது மிகச் சிறந்த முதலீடு. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாமலும், முடிந்தால் 50க்கு அருகிலும் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சையும் தூசிப் பூச்சியும் பெருகும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முதலில் உணர்வார்கள். ஈரப்பதம் 50இல் இருக்கும்போது 78 பாரன்ஹீட், அதாவது 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ், பெரும்பாலானவர்களுக்குப் போதும். கூரை விசிறியும் சுழன்றால் இன்னும் 4 பாரன்ஹீட் வரை கூட்டி வைத்தாலும் சுகம் குறையாது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, தோலைத்தான் குளிர்விக்கிறது. ஆகவே ஆள் இல்லாத அறையில் அது சுழல வேண்டியதில்லை. ஏசி சரியாக இருந்தும் ஈரம் இறங்கவில்லையென்றால் தனியாக ஓர் ஈரநீக்கியை வாங்கி, அதன் நீர் தானாக வடியும்படி குழாயோடு பொருத்திவிடுங்கள். வாளியைத் தூக்கிக் கொட்டும் வேலை முதுகுக்கு ஆகாது.

வடிகுழாயில் பாசி பிடித்து அடைத்துக்கொள்வது இந்த ஊர் ஏசிகளுக்கு வழக்கமான நோய். மாதம் ஒருமுறை அதன் வாயில் ஒரு கோப்பை வினிகர் ஊற்றினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். நீர் நிறைந்தால் ஏசியைத் தானே நிறுத்தும் மிதவை விசை பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மாற்ற வேண்டும்.

மாலையானால் சன்னலைத் திறந்து காற்றை விடுவது நம் ஊர்ப் பழக்கம். கோடையில் இங்கே அது கூடாது. இரவுக் காற்றின் பனிநிலை 24 டிகிரியாக இருக்கும்போது, 25 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் வீட்டுக்குள் அதை விட்டால், மெத்தையும் தரைவிரிப்பும் புத்தகமும் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதை மீண்டும் வெளியேற்ற ஏசி பல மணி நேரம் உழைக்க வேண்டும். சன்னலைத் திறக்க நவம்பர் வரை காத்திருங்கள். கோடையில் பிள்ளைகளைப் பார்க்க வடக்கே போகும்போதும் ஏசியை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். வெப்ப அளவைச் சற்றுக் கூட்டி, ஈரநீக்கியை 55 விழுக்காட்டில் வைத்து, தண்ணீரின் முதன்மைத் திருகை மூடிவிட்டு, வாரம் ஒருமுறை ஒருவர் வந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுப்பங்கரை, துணி, பட்டு, மிருதங்கம்

நம் சமையல் நிறைய நீராவியை எழுப்பும் சமையல். குக்கர், இட்லிப் பானை, கொதிக்கும் ரசம் என எல்லாம் வீட்டுக்குள் ஈரத்தைச் சேர்க்கின்றன. அடுப்புக்கு மேலுள்ள காற்றுப்போக்கி ஆவியை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே ஊதுகிறதா என்று பாருங்கள். பின்னதாக இருந்தால், வெளியே செல்லும் குழாயைப் போட்டுக்கொள்வது முதல் செலவாக இருக்கட்டும். சமையலைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. குளியலறைக் காற்றுப்போக்கியைக் குளித்த பின் இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட வேண்டும். நாள் முழுவதும் ஓடினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து ஈரக்காற்று இடுக்குகள் வழியே உள்ளே வரும்.

துவைத்த துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். துணியிலுள்ள நீர் முழுவதும் காற்றில்தான் கலக்கும். குடியிருப்புச் சங்கம் கொல்லையில் கொடி கட்டக் கூடாது என்று சொன்னால், துணிக்கொடியை முற்றாகத் தடைசெய்வதை ஃபுளோரிடா மாநிலச் சட்டமே அனுமதிப்பதில்லை என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சரிகை கறுக்கும், புள்ளி விழும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, காற்று புகும் அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வைத்து, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். தோல் செருப்பும் இடுப்புவாரும் பச்சையாகப் பூத்துப்போகும். மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். அதையும் வீணையையும் வெளிச்சுவரை ஒட்டாமல், ஏசி உள்ள அறையிலேயே வைக்க வேண்டும். கார்க்கூடத்திலோ கூரைப் பரணிலோ எந்த இசைக்கருவியையும் வைக்கக் கூடாது. பருப்பு, ரவை, அப்பளம் ஆகியவற்றைச் சிறு அளவில் வாங்கி இறுக மூடும் பாத்திரங்களில் வைத்தால் வண்டு வராது. மிளகாய்ப் பொடியும் கட்டி தட்டாது.

வெளியே போகும் நேரமும் முறையும்

கோடையில் நடைப்பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். விடியலில் ஈரப்பத விழுக்காடு மிகுதியாகத் தெரிந்தாலும், வெப்பமும் வெயிலும் குறைவாக இருப்பதால் அதுவே பாதுகாப்பான நேரம். பிற்பகலில் இரு கரைகளிலிருந்தும் உள்ளே வீசும் கடற்காற்றுகள் மோதி இடிமழையைக் கிளப்பும். அமெரிக்காவிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் ஃபுளோரிடாவும் ஒன்று. இடிச்சத்தம் கேட்டதும் உள்ளே போய், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். காலையில் போக முடியாதவர்கள் குளிரூட்டிய கடைவளாகத்திலோ பொது நூலகத்திலோ நடக்கலாம். வீட்டில் ஏசி பழுதானால் பகலைக் கழிக்கவும் நூலகம் நல்ல இடம்.

தளர்ந்த, மெல்லிய, வெளிர்நிறப் பருத்தி உடைதான் ஏற்றது. வீட்டில் வேட்டியும் பருத்திச் சேலையும் இந்த ஊருக்கு மிகவும் பொருந்தும். ஆனால் நனைந்த பருத்தி உலராது என்பதால், வெளியே போய் வந்ததும் குளித்து, தோல் மடிப்புகளை ஒற்றி உலர்த்தி, உடை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேர்க்குருவும், நீரிழிவு உள்ளவர்களுக்குத் தொடை இடுக்கில் படையும் வரும்.

செருப்பைக் கழற்றி நடக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோவில் வாசலின் கல்தளமும் நீச்சல்குளத்தின் ஓரமும் நண்பகலில் காலைச் சுட்டுக் கொப்புளமாக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல் உரிந்திருக்கும், அந்தப் புண் ஆறப் பல மாதங்கள் ஆகும். அவர்கள் கோவிலுக்குக் காலையிலோ மாலையிலோ போகட்டும். பிரகாரத்தில் தடித்த காலுறை அணிந்து நடக்கட்டும். ஆகஸ்டில் மாநிலத்தின் மேற்குக் கரையை ஒட்டிய வளைகுடாக் கடல்நீரும் 30 டிகிரியைத் தாண்டியிருப்பதால் அதில் இறங்கினால் உடம்பு குளிராது. வெதுவெதுப்பான அந்த உவர்நீரில் வாழும் விப்ரியோ என்ற நுண்ணுயிர் ஆறாத புண் வழியே நுழைந்து கடுமையான தொற்றை உண்டாக்கும். கல்லீரல் நோயாளிகளும் காலில் புண் உள்ளவர்களும் கடலில் இறங்கக் கூடாது.

நீரும் மருந்தும்

தாகத்தை எதிர்பார்க்காமல், நேரத்தைக் கணக்கு வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்பதே எளிய சோதனை. நீர்மோர் அருமையான பானம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை அளந்து போட்டுக்கொள்ளட்டும். இளநீரைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதானவர்களும், லிசினோபிரில், லோசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தினமும் குடிக்கக் கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கு மருத்துவர் தண்ணீருக்கே அளவு குறித்திருப்பார். கோடையில் அந்த அளவை எப்படி மாற்றுவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

நீர் பிரிக்கும் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், சில மனநல மருந்துகள், சிறுநீர்ப்பைக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை உடம்பு வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. ஏப்ரல் மாதத்திலேயே மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், “கோடைக்கு இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?” என்று கேட்பதுதான் சரியான முறை. அஞ்சலில் மருந்து வரவழைப்பவர்கள், வெயிலில் நிற்கும் உலோக அஞ்சல்பெட்டிக்குள் அது பிற்பகல் முழுவதும் வேகும் என்பதை மறக்காமல், கையில் தரும்படியோ கடையில் போய் எடுத்துக்கொள்ளும்படியோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் 10 டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத நாட்கள்

சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பர் 10ஐ ஒட்டிய வாரங்களில் அது உச்சத்தில் இருக்கும். காற்றையும் கடல் ஏற்றத்தையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். புயல் கடந்த பின் வரும் புழுக்கத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளிக்குப் பிறகு, ஹாலிவுட் என்ற ஃபுளோரிடா நகரின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் குளிரூட்டும் அமைப்புக்கு மின்சாரம் நின்றுபோனது. அங்கே நேர்ந்த 12 முதியோரின் மரணத்துக்கு அந்த வெப்பமே காரணமாகக் கொள்ளப்பட்டது. சாலைக்கு எதிர்ப்புறத்திலேயே ஒரு மருத்துவமனை இருந்தது. அடுத்த ஆண்டே, இத்தகைய இல்லங்கள் மின்சாரம் நின்றாலும் குறைந்தது 96 மணி நேரம் வெப்பத்தை 81 பாரன்ஹீட்டுக்கு, அதாவது 27 டிகிரிக்கு, மேல் போகவிடாத மின்னாக்கியை வைத்திருக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் செய்தது. முதியோர் இல்லத்தில் சேர நினைப்பவர்கள் அந்த மின்னாக்கியைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்தெந்த அறைகளுக்கு அது மின்சாரம் தரும் என்றும் கேட்க வேண்டும்.

சொந்த வீட்டில் இருப்பவர்கள் வீடு முழுவதையும் குளிர்விக்க நினைக்காமல், ஒரே ஒரு படுக்கையறையைக் காப்பாற்றத் திட்டமிடுங்கள். சன்னலில் பொருத்தும் சிறிய ஏசி ஏறத்தாழ 500 வாட்டில் ஓடும்; 2000 வாட் தரும் சிறு மின்னாக்கி அதையும் இன்சுலின் வைத்த குளிர்ப்பெட்டியையும் தாங்கும். மின்னாக்கியை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும். கார்க்கூடத்திலோ வலையடித்த திண்ணையிலோ ஓட்டினால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் புகுந்து கொல்லும்; மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி படுக்கையறைக்கு அருகில் இருக்க வேண்டும். குளிர்ச்சிக்கு வேறு வழியே இல்லாதபோது குளிர்ந்த நீரில் குளிப்பதும், ஈரத்துணியைக் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொள்வதும் பயன் தரும். அறை 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறியை மட்டும் நம்பக் கூடாது. ஏசி உள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஆக்சிஜன் கருவி, டயாலிசிஸ் போன்ற தேவை உள்ளவர்கள் மாநிலத்தின் சிறப்புத் தேவைப் பதிவேட்டில் ஜூன் மாதத்துக்கு முன்பே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். வெளியேறச் சொன்னால் உள்நாட்டில் சில பத்து மைல் போனாலே பெரும்பாலும் போதும். கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீடு வாங்கிய பின் 30 நாள் காத்திருந்தே நடைமுறைக்கு வரும் என்பதால் அதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளக் கூடாது.

ஆபத்தின் அறிகுறிகள்

தனியாக வாழும் தாய்க்கோ தந்தைக்கோ பிள்ளைகள் நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசியில் பேசும் வழக்கத்தைக் கோடையில் வைத்துக்கொள்ளட்டும். “சாப்பிட்டாயா?” என்று கேட்பதோடு “அறையில் எத்தனை டிகிரி காட்டுகிறது?” என்றும் கேளுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, அளவுமீறிய சோர்வு, மிகுதியான வியர்வை ஆகியவை முதல் கட்டம். அப்போதே குளிர்ந்த அறையில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, சிறிது சிறிதாக நீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் விழித்தாலோ, நடை தள்ளாடினாலோ, மயங்கினாலோ, உடம்பு 40 டிகிரிக்குக் கொதித்தாலோ அது வெப்பவாதம். வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஈரமான காற்றில் வியர்வை நிற்காமலே வெப்பவாதம் வரும். உடனே 911ஐ அழையுங்கள். அவசர ஊர்தி வரும்வரை சும்மா இருக்காமல், குளிர்ந்த நீரை உடம்பு முழுவதும் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கக் கூடாது. இந்த வெப்பத்தை அது குறைக்காது, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யலாம். ஊர்தியில் வருபவர்களிடம் கொடுப்பதற்கு, அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.